பழைய டாடா பென்ஸ் 312 லாரிக்கு ஏர் கிளீனர் செய்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சங்ககிரிப் பக்கம் மூன்று தலைமுறையாக லாரித் தொழிலில் இருக்கும் குடும்பம் அது. தாத்தா காலத்தில் வாங்கிய முதல் வண்டி, 1960-களின் தொடக்கத்தில் வந்த டாடா பென்ஸ் 312. மற்ற வண்டிகளையெல்லாம் அந்தந்தக் காலத்தில் விற்றுவிட்டார்கள். இதை மட்டும் தோட்டத்துக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். பேரன் தலையெடுத்ததும் வண்டியை மறுபடி ஓடவைக்க முடிவு செய்தார். கோயில் திருவிழாவுக்கும் பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும் போக வேண்டும், எப்போதாவது தோட்டத்து மஞ்சள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஈரோடு வரை போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜாம்ஷெட்பூரில் டாடா குழுமத்தின் டெல்கோ நிறுவனம் 1954-இல் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு லாரி செய்ய ஆரம்பித்தது. 1969-இல் ஒப்பந்தம் முடியும் வரை வந்த வண்டிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். இந்த வண்டியில் இருப்பது ஓ.எம். 312 டீசல் இன்ஜின்: 6 சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மொத்தம் 4.58 லிட்டர். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது. தானாக எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான்.

வண்டி எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே இன்ஜின் வேலை முடிந்திருந்தது. லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்), பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றி, ஹெட் வேலையும் பார்த்திருந்தார்கள். கழற்றிய பழைய லைனர்களை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தது பிறகு உதவியது. தேய்மானம் முழுக்க லைனரின் மேல் பகுதியில் இருந்தது. முதல் ரிங் திரும்பும் இடத்தில் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. பிஸ்டனில் முதல் ரிங் பள்ளம் அகன்று போயிருந்தது. ஆயிலில் குறை இருந்தால் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். மேலே மட்டும் இப்படித் தின்றிருந்தால் மண் காற்றோடு உள்ளே போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கடைசிக் காலத்தில் ஏர் கிளீனரின் அடிச்சட்டி துருப்பிடித்து விழுந்த பிறகு, வாயில் துணியைக் கட்டி ஓட்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர் சொன்னார்.

இன்ஜின் வேலை பார்த்த இடத்தில், காணாமல் போன ஆயில் பாத் கிளீனருக்கு (சட்டியில் உள்ள ஆயிலில் தூசியைப் பிடிக்கும் பழைய வகை) பதிலாகக் காருக்கு வரும் வட்டமான காகித ஃபில்டர் ஒன்றை அதன் டப்பாவோடு மாட்டி, 50 மி.மீ. உள்விட்டமுள்ள ரப்பர் ஹோஸில், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டோடு இணைத்திருந்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஓடியது. ஆனால் இழுவை இல்லை. டீசலைச் சிலிண்டருக்குள் செலுத்தும் பம்ப்பைப் பழுதுபார்க்கும் ஒரு பம்ப் கடையில் காட்டினார்கள். அங்கே டீசலைக் கூட்டிவைத்தார்கள். அதன் பிறகு புகை வந்ததே தவிர இழுவை வரவில்லை. புது ரிங்கே சரியில்லையோ, மறுபடி இன்ஜினைப் பிரிக்க வேண்டுமோ என்ற பயம் வந்த பிறகுதான் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

வண்டி வந்தபோது பார்த்தது

“மேடு ஏறுறப்ப மூச்சு முட்டுதுங்கண்ணா. ஆக்சிலேட்டர அமுத்தினாலும் அதுக்கு மேல போக மாட்டேங்குது” என்றார் உரிமையாளர். அவர் சொன்னது அப்படியே சரியான விவரம் என்று ஓட்டிப் பார்த்ததும் தெரிந்தது.

சுமையோடு ஓட்டியபோது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடந்தன. குறைந்த சுற்றில் (இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது), கியர் மாற்றி இழுக்கத் தொடங்கும்போது கரும்புகை. சுற்று ஏற ஏறப் புகை தெளிந்தது, ஆனால் அதோடு இழுவையும் நின்றுபோனது. கால் முழுக்க அமுங்கியிருக்க, யாரோ பின்னால் பிடித்து நிறுத்துவது போல வண்டி அந்த வேகத்திலேயே நின்றது.

வழக்கமான டீசல் இன்ஜினில் காற்று அடைத்தால் இப்படி நடக்காது. டீசல் அதே அளவு போகும், காற்று குறையும், சுற்று ஏற ஏறப் புகை கூடும். இங்கே தலைகீழாக இருந்தது. காரணம் இந்த இன்ஜினின் கவர்னர், அதாவது வேகத்துக்கு ஏற்ப டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், மீதி எல்லாமே இதைச் சார்ந்துதான் இருக்கிறது. பிறகு வந்த லாரிகள் பலவற்றில் ஆக்சிலேட்டர் நேராக பம்ப்பைப் போய்ச் சேரும். 312-இல் அப்படி இல்லை. மேனிஃபோல்டின் வாயில் பெட்ரோல் வண்டி கார்புரேட்டரில் இருப்பது போல ஒரு வென்சுரியும் (நடுவில் குறுகும் குழாய்) பட்டர்ஃபிளையும் (திறந்து மூடும் வட்டத் தகடு) இருக்கின்றன. ஆக்சிலேட்டர் அந்தப் பட்டர்ஃபிளையைத்தான் திறக்கிறது. வென்சுரியின் குறுகிய இடத்தில் உண்டாகும் வெற்றிடம் ஒரு சின்னக் குழாய் வழியாக பம்ப்பின் பின்னால் இருக்கும் டயாஃப்ரம் என்ற வளையும் மெல்லிய தடுப்புக்குப் போகிறது. டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் அந்த வெற்றிடமும் ஸ்பிரிங்கும், மறுபக்கம் சாதாரண வெளிக்காற்று. சுற்று ஏறினால் வெற்றிடம் கூடும், டயாஃப்ரம் ஸ்பிரிங்கை வென்று ரேக்கை (டீசல் அளவை மாற்றும் தண்டு) இழுக்கும், டீசல் குறையும். இன்ஜின் வேகத்தைக் கவர்னர் அறிவது அந்தக் காற்றின் இழுப்பை வைத்துத்தான், வேறு எந்தக் கண்ணும் அதற்கு இல்லை.

சரி, ஏர் கிளீனரில் தடை இருந்தால் என்ன ஆகும்? வென்சுரி உண்டாக்கும் வெற்றிடத்தோடு கிளீனரின் தடையால் வரும் வெற்றிடமும் சேர்ந்துவிடும். டயாஃப்ரத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்ஜின் வேகமாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு, உரிய சுற்றுக்கு வெகு முன்னாலேயே டீசலைக் குறைத்துவிடும். இதனால்தான் மேல் சுற்றில் இழுவை போனது, புகையும் போனது.

கீழ்ச் சுற்றில் வந்த கரும்புகைக்குக் காரணம் பம்ப்பில் இருந்தது. முழுச்சுமை டீசல் அளவை நிறுத்தும் திருகின் ஈய முத்திரை உடைந்திருந்தது. வெற்றிடம் குறைவாக இருக்கும் கீழ்ச் சுற்றில் ஸ்பிரிங் ரேக்கை அந்தத் திருகு வரை தள்ளும். திருகைத் தளர்த்தியதால் அங்கே அளவுக்கு மீறிய டீசல் போனது. மேல் சுற்றில் கவர்னர் வெட்டிவிடுவதால் கூட்டிய டீசலால் எந்தப் பயனும் இல்லை. இழுவை இல்லாத வண்டிக்கு டீசலைக் கூட்டுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பதுதான். இந்த வகைக் கவர்னர் இருக்கும் வண்டியில் காற்றுப் பாதையை அளக்காமல் பம்ப்பின் முத்திரையைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அளந்தது

ஊகத்தோடு நிற்காமல் அளந்தோம். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, பாதியளவு சாயம் கலந்த நீர் ஊற்றி, பக்கத்தில் அளவுகோல் வைத்தால் காற்றுத் தடையை அளக்கும் கருவி தயார். ஹோஸுக்கும் வென்சுரிக்கும் நடுவே இருந்த அகலமான இணைப்பில் ஒரு சிறு துளையிட்டு அதோடு இணைத்தோம். சுற்றை அளக்க, கிராங்க் புல்லியில் ஒளியைத் திருப்பும் ஒட்டுத்தாள் ஒட்டிக் கையடக்க டேகோமீட்டர்.

டர்போ இல்லாத டீசல் இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவு, பட்டர்ஃபிளை முழுக்கத் திறந்திருக்கும்போது, சுற்றைப் பொறுத்தது. சுமை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இந்தச் சோதனையைப் பட்டறையில் நிறுத்திவைத்தே செய்யலாம்.

ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கியும் இன்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்றை ஒட்டி, அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. அப்போது நீர்மட்ட வித்தியாசம் 195 மி.மீ. உள்ளே இருக்கும் காகித எலிமென்ட்டை எடுத்துவிட்டு டப்பாவும் ஹோஸும் மட்டும் இருக்க ஓட்டினோம். சுற்று கொஞ்சம் ஏறியது, வித்தியாசம் 115 மி.மீ.க்கு இறங்கியது. ஆக, தடையின் பெரும்பங்கு அந்த 50 மி.மீ. ஹோஸிலும் அதன் வளைவுகளிலும் இருந்தது. ஃபில்டரை மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் பாதி நோய் அப்படியே இருந்திருக்கும்.

195 மி.மீ. என்பது பொதுவாக ஒரு பெரிய எண் இல்லை. டர்போ இல்லாத டீசல்களுக்கு 380 முதல் 500 மி.மீ. நீர்மட்டம் வரை தடை இருக்கலாம் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. இப்போதைய லாரிகளின் ஏர் கிளீனரில் சிவப்பு காட்டும் இண்டிகேட்டர்கள் 500, 650 மி.மீ. அளவில்தான் சிவப்பாகும். அதில் ஒன்றை இந்த வண்டியில் மாட்டியிருந்தால் கடைசி வரை எல்லாம் நலம் என்றே காட்டியிருக்கும், வண்டியோ மேடு ஏறாமல் நின்றிருக்கும். கவர்னரே காற்றை நம்பி நடக்கும் இன்ஜினுக்கு அந்தப் பொதுக் கணக்கு பொருந்தாது.

கூடவே டயாஃப்ரத்தையும் சோதித்தோம். இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் லீவரை முழுக்க இழுத்துப் பிடித்து, வெற்றிடக் குழாய் சேரும் வாயை விரலால் அடைத்து, லீவரை விட வேண்டும். டயாஃப்ரம் நன்றாக இருந்தால் ரேக் கொஞ்சம் நகர்ந்து அப்படியே பிடித்து நிற்கும். இங்கே மெதுவாக ஆனால் நிற்காமல் திரும்பிப் போனது. கசிவு இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. டயாஃப்ரம் கிழிந்தால் வெற்றிடம் ரேக்கை இழுக்காது, இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் சுற்று ஏறும். காற்றுத் தடையைச் சரிசெய்த பிறகு இந்தக் கசிவு இன்னும் ஆபத்தாக மாறும், ஏனென்றால் இதுவரை கூடுதல் தடைதான் அதை மறைத்து வைத்திருந்தது.

எதைப் பொருத்துவது என்ற பேச்சு

பட்டறையில் மூத்த மேஸ்திரிக்கு இந்த வண்டிகளோடு நீண்ட காலப் பழக்கம். அசல் ஆயில் பாத்தையே தேடிப் பிடித்துப் போட வேண்டும் என்றார். “அந்தக் காலத்துல இதுலதாங்க அத்தன லாரியும் ஓடுச்சு. கழுவி ஆயில் ஊத்தினாப் போதும், கடைக்கு ஓட வேண்டியதில்ல” என்பது அவர் வாதம். அதில் நியாயம் நிறைய இருந்தது.

ஆயில் பாத்தில் காற்று வெளிச்சுற்று வழியாகக் கீழே இறங்கி, சட்டியில் இருக்கும் ஆயிலின் மேல் மோதித் திரும்பி மேலே ஏறும். திரும்பும்போது கனமான மண் துகள் ஆயிலில் விழுந்துவிடும். காற்றோடு ஏறும் ஆயில் துளிகள் மேலே உள்ள கம்பி வலையை நனைத்து, மிஞ்சிய தூசியை அங்கே பிடித்துக் கீழே வடிக்கும். இதன் பெரிய நன்மை, தூசி சேரச் சேரத் தடை அதிகம் மாறாது. ஆயில் சேறாகக் கெட்டியாகும் வரை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். காற்றின் இழுப்பை வைத்து நடக்கும் கவர்னருக்கு இதைவிடப் பொருத்தமான கிளீனர் கிடையாது. அந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள் கணக்கில் இதுவும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

குறையும் உண்டு. நல்ல காகித எலிமென்ட் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தூசியைப் பிடிக்கும், ஆயில் பாத் அந்த அளவுக்கு வராது. அதுவும் காற்று வேகமாகப் போனால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஐடிலில், ஊர்வலத்தில் மெதுவாக ஊர்ந்து போகையில், மோதும் வேகம் இல்லாததால் நுண்தூசி நழுவிவிடும். இந்த வண்டி இனிமேல் அதிகம் செய்யப்போவது திருவிழாவில் ஊர்ந்து போவதைத்தான். லைனரையும் ரிங்கையும் அதிகம் தின்பது 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்கள், கண்ணுக்குத் தெரியாதவை. அடுத்து, சட்டியில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றிவிட்டால் அது காற்றோடு உள்ளே போய் எரியும். டீசல் இன்ஜினுக்கு அதுவும் எரிபொருள்தான், பம்ப்பை நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காது.

இருந்தாலும் தேடினோம். கோவை உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய சாமான் கடைகளில் சொல்லிவைத்ததில் ஒன்று கிடைத்தது. அடிச்சட்டி ஓட்டை, வலைக்குள் மண் கல்லாக இறுகியிருந்தது. எல்லாவற்றையும்விட, நடுக்குழாயை உள்பக்கமாகத் துரு தின்றிருந்தது. நடுக்குழாயில் ஓட்டை இருந்தால் காற்று ஆயிலைத் தொடாமலே குறுக்கே போய்விடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் அதை அப்படியே போடும் யோசனையைக் கைவிட்டோம். மேஸ்திரியும் அந்தக் குழாயைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

எண்ணெய் தடவிய பஞ்சுத் துணிக் கூம்பு ஃபில்டரை இன்ஜின் மேலேயே மாட்டலாம் என்று உரிமையாளரின் நண்பர் சொன்னார். தடை குறைவுதான். ஆனால் கூடு இல்லாமல் பானெட்டுக்குள் திறந்தபடி இருக்கும் ஃபில்டர் ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றையே இழுக்கும். வெளியே 35 டிகிரி இருக்க உள்ளே 65 டிகிரி காற்றை இழுத்தால் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். நம் ஊர் மண்ணுக்கு நுண்தூசியைப் பிடிப்பதிலும் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

கடைசியில் எடுத்த முடிவு: நாமக்கல்லில் எந்த லாரி ஸ்பேர் கடையிலும் கிடைக்கும் பெரிய காகித எலிமென்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிப் பழைய ஆயில் பாத்தின் வெளித்தோற்றத்தில் தகட்டுக் கூடு செய்வது. கிடைத்த பழைய கிளீனர் வடிவத்துக்கு மாதிரி ஆனது.

அளவு கண்ட விதம்

2800 சுற்றை வைத்துக் கணக்கிட்டோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கும். 4.58 லிட்டரை 1400-ஆல் பெருக்கினால் 6412 லிட்டர். சிலிண்டர் முழுக்க நிரம்புவதில்லை என்பதால் 85 விழுக்காடு வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 5450 லிட்டர் காற்று.

பழைய கார் ஃபில்டரின் மடிப்புகளை எண்ணி, மடிப்பின் ஆழம், உயரம் இரண்டையும் அளந்து பார்த்ததில் காகிதத்தின் மொத்தப் பரப்பு கால் சதுர மீட்டர்தான் வந்தது. புதிதாகத் தேர்ந்தெடுத்த லாரி எலிமென்ட்டில் 150 மடிப்பு, ஒவ்வொன்றும் 35 மி.மீ. ஆழம், 330 மி.மீ. நீளம். மடிப்பின் இரு பக்கமும் சேர்த்தால் 3.4 சதுர மீட்டருக்கு மேல். பதின்மூன்று மடங்குக்கும் அதிகம்.

இந்த இன்ஜினுக்கு அவ்வளவு தேவையா என்று கேட்டார்கள். அன்றைக்கு மட்டும் காற்று விடுவதற்கு அதில் பாதி போதும். ஆனால் காகிதம் ஆயில் பாத் போல இல்லை, தூசி சேரச் சேரத் தடை ஏறிக்கொண்டே போகும். தடை ஏறினால் கவர்னர் வெட்டும் சுற்றும் இறங்கிக்கொண்டே வரும். பரப்பு பெரிதானால் அந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கும். இந்த வகை இன்ஜினுக்கு ஏர் கிளீனர் தேர்வதில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: புதிதாக இருக்கையில் தடை எவ்வளவு என்பதோடு, ஒரு வருடத்தில் அது எவ்வளவு மாறும் என்பதையும்.

குழாயின் விட்டம் அடுத்தது. மேற்சொன்ன காற்று 50 மி.மீ. குழாயில் போனால் நொடிக்கு 46 மீட்டர் வேகம். 75 மி.மீ. குழாயில் 21 மீட்டருக்குள் வந்துவிடும். தடை வேகத்தின் இருபடியாக ஏறுவதால் வேகம் பாதியானால் தடை கால்பங்கு. 76 மி.மீ. உள்விட்டம் என்று முடிவானது. கூட்டுச் சுவருக்கும் எலிமென்ட்டுக்கும் இடையே சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி விட்டோம்.

செய்த விதம்

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலேயே 18 கேஜ் தகட்டை உருட்டிச் செய்தோம். அந்தப் பட்டறை ஆட்களின் கைவேலையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மாதிரியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மேல்மூடியின் வளைவை அப்படியே கொண்டுவந்தார்கள்.

கவனம் முழுக்க வைத்தது சுத்தக் காற்றுப் பக்கம். எலிமென்ட்டைத் தாண்டிய பிறகு அங்கே எது கழன்றாலும் நேராக வால்வுக்குப் போகும். அதனால் அந்தப் பக்கம் ரிவெட், நட்டு, போல்ட் எதுவும் வைக்கவில்லை, எல்லாம் முழு வெல்டிங். வெல்டிங் பொரிகளை உரசி எடுத்து, கழுவி, பிறகுதான் பவுடர் கோட்டிங். எலிமென்ட் உட்காரும் தளத்தை லேத்தில் போட்டுச் சமப்படுத்தினோம். கையால் தட்டிய தகட்டின் மேல் ரப்பர் வளையம் சரியாக உட்காராது. எலிமென்ட்டின் முனையில், அதைப் பிடித்து நிறுத்தும் நடுக்கம்பி வெளிவரும் துளைக்கு ரப்பர் வாஷர் போட்டோம். பல லாரிகளில் மண் உள்ளே போகும் வழி அந்தத் துளைதான். எலிமென்ட் புதிதாக இருக்கும், வாஷர் தொலைந்திருக்கும்.

கூட்டின் எடையை மேனிஃபோல்டு தாங்கவில்லை. ஃபயர்வாலில் பிராக்கெட் அடித்து அதில் உட்காரவைத்து, வென்சுரிக்கு வளையும் ரப்பர் ஹோஸ் கொடுத்தோம். இன்ஜின் தன் மவுண்டில் ஆடும், கூடு கேபினோடு நிற்கும். இரண்டையும் கட்டையாக இணைத்தால் எங்காவது விரிசல் வந்தே தீரும். குழாய் முனைகளில் நெளிவு விளிம்பு எடுத்து, ஹோஸ் நழுவாதபடி கிளாம்ப் போட்டோம். காற்று எடுக்கும் வாய் பானெட்டுக்கு வெளியே, கேபின் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கிறது. கூட்டின் அடியில் தூசியும் மழைநீரும் தானே விழ ரப்பர் டஸ்ட் வால்வு ஒன்று.

பொருத்திய பிறகு

கிளீனர் பொருந்திய அன்றே வண்டியை ரோட்டில் விடவில்லை. தடை குறைந்துவிட்டதால் கவர்னர் இனிமேல் தாமதமாகத்தான் வெட்டும், டயாஃப்ரமும் கசிகிறது. ஒருவர் கை ஸ்டாப் லீவரிலேயே இருக்க, ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல அமுக்கினோம். 2400-இல் நின்றுபோன அதே இன்ஜின் நிற்காமல் ஏறி 3200-ஐத் தாண்டியது. உடனே விட்டுவிட்டோம். பட்டர்ஃபிளையின் நிறுத்தத் திருகையும் யாரோ முன்பு வெளியே திருப்பியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பம்ப் கழற்றப்பட்டு, இந்த வகைக் கவர்னரை வெற்றிடம் வைத்துச் சோதிக்கத் தெரிந்த வேறொரு பம்ப் கடைக்குப் போனது. இப்போது இப்படிப்பட்ட கடைகள் குறைவு. சோதனை மேடையில் வெற்றிடப் பம்ப்பும் மானோமீட்டரும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். டயாஃப்ரம் புதிதாக மாறியது. டீசல் அளவைப் பழைய பட்டறைக் கையேட்டின் எண்ணுக்குக் குறைத்து முத்திரை வைத்தார்கள். வண்டியில் ஏற்றிய பிறகு, புதிய கிளீனரோடு ஓடும் நிலையில் பட்டர்ஃபிளை திருகைச் சரிசெய்து அதிகபட்சச் சுற்றைக் கையேட்டின் அளவுக்குள் கொண்டுவந்தோம். இந்த வரிசை மாறக் கூடாது. கிளீனர் முதலில், பம்ப் அடுத்து, திருகு கடைசியில்.

அந்த நிலையில் யு குழாய் காட்டியது 50 மி.மீ.

மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறிப் பார்த்தோம். முன்பு மூச்சு முட்டிய அதே கியரில் சீராக ஏறியது. டீசலைக் குறைத்த பிறகு இழுவை கூடியதை உரிமையாளர் முதலில் நம்பவில்லை. புகை, கியர் மாற்றும் நேரத்தில் லேசாக வந்து போனதோடு சரி. இன்ஜினை மறுபடி பிரிக்கும் பேச்சே எழவில்லை. ரிங்குகளில் எந்தக் குறையும் இல்லை.

மூன்றாம் கியரில் மட்டும், ஒரு குறிப்பிட்ட சுற்றில், கூடு தகரடப்பா போல அதிர்ந்து ஒலித்தது. தட்டையான மேல்மூடியின் அடியில் குறுக்குப் பட்டை ஒன்று வெல்ட் செய்து வலுக்கூட்டியதும் அடங்கியது.

கசிவைப் பார்க்க, சுத்தக் காற்றுக் குழாயின் உள்சுவரில் மெல்லிய கிரீஸ் பூசி ஓட்டினோம். எங்காவது மண் உள்ளே வந்தால் கிரீஸில் கோடாகத் தெரியும். ஒரு கிளாம்ப் பக்கம் லேசான கோடு இருந்தது, ஹோஸை மாற்றியதும் நின்றது. ஆடி மாதக் காற்று முடிந்த பிறகு மறுபடி பார்த்தபோது கிரீஸ் சுத்தமாக இருந்தது, டஸ்ட் வால்வின் கீழே கைப்பிடி அளவு மண் விழுந்திருந்தது. யு குழாயில் 58 மி.மீ. அதிகபட்சச் சுற்றில் டேகோமீட்டருக்குத் தெரியும்படியான மாற்றம் இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே இன்ஜினோடு வேறு வண்டி வந்தால் கூட்டிலேயே அளவெடுக்கும் துளையை மூடியோடு நிரந்தரமாக வைத்துவிடுவேன். இந்த வண்டியில் ஒவ்வொரு முறையும் இணைப்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது. மேல்மூடியைத் தொடக்கத்திலேயே நெளி எடுத்த தகட்டில் செய்யலாம். காற்று வாயை இன்னும் ஒரு சாண் உயர்த்தலாம், முன்னால் போகும் லாரி கிளப்பும் புழுதி இப்போதைய உயரம் வரை வருகிறது.

இன்ஜின் வேலை முடிந்த வண்டிகளுக்கு முதல் ஆயில் மாற்றும்போதே ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, மண்ணிலிருந்து ஆயிலுக்கு வரும் சிலிக்கானின் அளவைக் குறித்துவைப்பது நல்லது. மண் உள்ளே போகிறதா என்பதை லைனர் தேய்வதற்கு வெகு முன்னே அது சொல்லிவிடும். இந்த வண்டிக்கு அடுத்த ஆயில் மாற்றத்திலிருந்து தொடங்குகிறோம்.

பராமரிப்பில் இரண்டு விஷயங்களை உரிமையாளரிடமும் டிரைவரிடமும் அழுத்திச் சொன்னோம். எலிமென்ட்டை டயரில் தட்டுவதும், பஞ்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். மடிப்பில் ஊசித்துளை விழுந்தால் தடை குறைந்து எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். சந்தேகம் இருந்தால் உள்ளே பல்பை இறக்கி இருட்டில் பார்க்க வேண்டும், ஒளி புள்ளியாகத் தெரிந்தால் எலிமென்ட் குப்பைக்கு. இரண்டாவது, மாற்றும் நேரத்தைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். யு குழாயில் 100 மி.மீ. தொட்டதும் மாற்றிவிட வேண்டும். கவர்னர் வெட்டும் சுற்று உணரும்படி இறங்குவதற்கு முன்பே அது மாறிவிடும்.